கழித்துக்கட்டப் பரிந்துரை

"இந்தப் பக்கம் வேறு இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளது" என்றது திரை. எந்த இடம் என்று நெட்டு அழுத்திப் பார்த்தார். அங்கே போனால், "இந்தப் பக்கம் தயாராகிக்கொண்டிருக்கிறது. அதுவரை பழைய பக்கத்தைப் பார்க்கவும்" என்று இருந்தது. பழைய பக்கம் என்பது முதலில் பார்த்த அதே பக்கம்.

காலையிலிருந்து இதே சுற்று. செக்குமாட்டுக்காவது நடுவில் கொஞ்சம் வைக்கோல் போடுவார்கள். நெட்டுவுக்குக் காபி குடிக்கக்கூட நேரமில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் என்று பேர் சொல்லக்கூடிய எல்லாவற்றுக்கும் அவர் ஒருவர்தான் ஆள். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம், பார்ப்பது இன்டர்நெட் வேலை. இரண்டுக்கும் பொதுவாக 'நெட்டு' என்று யாரோ வைத்தார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

வினை வந்தது மாப்பிள்ளை வடிவில். ஆஸ்பத்திரியைக் கட்டிய பெரிய டாக்டரின் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவர். நிர்வாகம் பார்க்க வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. வந்த கையோடு ஒரு மென்பொருளைப் போடச் சொன்னார். ஓபன் சோர்ஸ். அதாவது யாரோ எழுதி, உலகம் சும்மா எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டது. கம்ப்யூட்டர், பிரிண்டர், எக்ஸ்ரே மெஷின் எல்லாவற்றையும் அதில் பதிய வேண்டும். எது கெட்டாலும் அதில்தான் புகார் எழுத வேண்டும். அதுவரை நெட்டுவின் பிழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகுதான் ஒரு நாள் மாப்பிள்ளை கேட்டார். "பிரிண்டர் கெட்டா மனுஷன் எதுக்குப் புகார் எழுதணும்? பிரிண்டரே எழுதட்டுமே. முடியுமா?"

"தாராளமா முடியும் சார்."

"அதுக்கு உள்ள புகுந்து கொஞ்சம் மாத்தணும். எப்படின்னு தெரியுமா?"

"டெவலப்பர் டாக்குமென்டேஷன்னு ஒண்ணு இருக்கு சார். இந்த மாதிரி வேலைக்குன்னே எழுதின கையேடு. எனக்குத் தலைகீழாத் தெரியும்."

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "படிச்சிருக்கீங்களா? அதையா?"

"வரி வரியா சார்."

"நல்லா எழுதியிருக்காங்களா?"

"கல்வெட்டு மாதிரி சார்."

மாப்பிள்ளை அவரை வெகு நேரம் பார்த்தார். "சரி, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சிடுங்க. ஏதாவது சந்தேகம்னா கூச்சப்படாம என்கிட்ட கேளுங்க."

நெட்டுவுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறவரிடம் இதில் போய் என்ன சந்தேகம் கேட்பது?

சிரிப்பு அன்றைக்கே நின்றுபோயிற்று. கையேட்டைக் காணோம்.

மத்தியானம் மனைவி போன் செய்தாள். "கிடைச்சுதா?"

"இல்லை."

"தெரியலை சார்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். தலையையா வாங்கிடுவார்?"

"தலைகீழாத் தெரியும்னு சொல்லிட்டேனே."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"வாய் தானா சொல்லிடுச்சு."

"ஆமா, கல்யாணத்துக்கு முன்னாடி என்கிட்ட காரோட்டத் தெரியும்னு சொன்ன வாய்தானே அது." பெருமூச்சு விட்டாள். "இந்த வேலையும் போச்சுன்னா மறுபடியும் எங்க அண்ணன் கடையில போய் நிக்கணும். ஞாபகம் இருக்கட்டும்."

ஞாபகம் இல்லாமலா? மச்சான் கடையில் டைல்ஸ் விற்ற நாட்களை நெட்டு இன்னும் கெட்ட கனவாகக் கண்டுகொண்டிருந்தார். வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் "இவர் கம்ப்யூட்டர் எஞ்சினீயர், இப்ப நம்மகிட்டதான் இருக்கார்" என்று அறிமுகம் செய்துவைப்பான் மச்சான்.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடிப் பேசும் இணையதளம் ஒன்று இருந்தது. நெட்டு அங்கே போய்ப் பணிவாகக் கேட்டார்: "ஐயாமார்களே, கையேடு எங்கே இருக்கிறது?" உடனே பதில் வந்தது. "கையேட்டில் பார்க்கவும்."

"கையேடுதான் எங்கே என்று கேட்கிறேன்."

"முதலில் தேடிவிட்டுக் கேட்கவும்."

மூன்றாவதாக ஒருவர் வந்து, இதே கேள்வியை முன்பே ஒருவர் கேட்டாயிற்று என்று சொல்லி நெட்டுவின் கேள்வியைப் பூட்டிவிட்டுப் போனார். அந்தப் பழைய ஆள், "நானே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன், நன்றி" என்று எழுதிவிட்டு மறைந்திருந்தார். நெட்டு அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டார். பதில் வந்தது. "அந்தத் தொழிலையே விட்டுவிட்டேன். இப்போது தேனீ வளர்க்கிறேன். மனம் நிம்மதியாக இருக்கிறது."

நெட்டு கொஞ்ச நேரம் தேனீக்களைப் பற்றி யோசித்தார்.

அப்போது மாப்பிள்ளை கதவருகே வந்து நின்றார். "எப்படிப் போகுது?"

"ஜோராப் போகுது சார்."

"சந்தேகம் எதுவும் இல்லையே?"

"எனக்கா சார்?"

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சந்தேகப்படுகிறார் என்று நெட்டு முடிவு கட்டினார். இனி கையேட்டை நம்பிப் பயனில்லை, கடவுள் விட்ட வழி என்று மென்பொருளின் உள்ளே கை வைத்தார். குத்துமதிப்பாக இரண்டு வரி சேர்த்தார், பிடிக்காத ஒரு வரியை எடுத்தார்.

வேலை செய்தது! பில்லிங் பிரிண்டர் தானாக முதல் புகாரைப் பதிந்தது: "காகிதம் குறைவாக உள்ளது." நெட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

சாய்ந்தவர் நிமிர்வதற்குள் பில்லிங் பெண் போனில் கத்தினாள். "நெட்டு சார்! பில் அடிக்கச் சொன்னா பிரிண்டர் புலம்பலா அடிச்சுத் தள்ளுது!"

வருகிற புகாரை எல்லாம் அந்தந்தப் பிரிண்டரிலேயே ஒரு நகல் அச்சடிக்கும்படி முன்பு அவரேதான் ஏற்பாடு செய்திருந்தார். காகிதம் குறைவு என்ற புகாரை அச்சடித்ததில் காகிதம் மேலும் குறைந்தது. அதற்கொரு புகார். அதற்கொரு நகல். வீட்டுக்குக் கிளம்பிய நோயாளி ஒருவர், பில் என்று நினைத்து ஒரு கட்டுப் புலம்பலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை நிறுத்த நெட்டுவுக்கு ஒரே வழிதான் தோன்றியது. கருவிகளின் பட்டியலைச் சுத்தமாக அழித்துவிட்டு, எடுத்து வைத்திருந்த பழைய நகலைத் திரும்ப ஏற்றுவது. அழித்தார். ஏற்றினார். பிரிண்டர்கள் வாயை மூடின. கட்டடமே அமைதியாயிற்று.

அந்த அமைதியில் மேட்ரன் வந்தார். இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் போன்.

"நெட்டு, என்னை யாருப்பா விலைக்கு வாங்கினது?"

"மேடம்?"

"நீயே படி."

நெட்டு படித்தார். "தலைமைச் செவிலியர், எண்ணிக்கை ஒன்று. வாங்கிய தேதி..." அது மேட்ரன் வேலைக்குச் சேர்ந்த தேதி. "உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. உதிரி பாகங்கள் கிடைப்பதில்லை. கழித்துக்கட்டப் பரிந்துரைக்கப்படுகிறது."

ஏற்றியது கருவிகளின் பட்டியல் இல்லை, ஊழியர்களின் பட்டியல். மென்பொருள் அவர்களையும் கருவிகளாக எண்ணி, தானாகவே ஆளுக்கொரு கடிதம் அனுப்பியிருந்தது.

"உதிரி பாகம் கிடைக்காதாம்! முட்டி வலியோட நான் மூணு மாடி ஏறி இறங்கறேன், எனக்குத் தெரியாதா அது?"

அவருக்குப் பின்னால் வரிசை நின்றது. எக்ஸ்ரே எடுப்பவர் கண் கலங்கியிருந்தார். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண்கள் மட்டும் "எங்களுக்கு இன்னும் வாரண்டி இருக்கு" என்று போனைக் காட்டிக்கொண்டு திரிந்தார்கள்.

"சின்னத் தப்பு மேடம், இதோ சரி பண்ணிடறேன்" என்று நெட்டு எல்லோருக்கும் மறுப்புக் கடிதம் ஒன்று தட்டி அனுப்பினார். ஒரே பொருளைப் பற்றி இரண்டாவது கடிதம் போனால் அந்த மென்பொருள் தானாக ஒரு தலைப்புச் சேர்க்கும் என்பது கையேட்டைப் படித்தவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். "நினைவூட்டல்: இப்பொருள் இன்னும் கழித்துக்கட்டப்படவில்லை." இரண்டு கடிதத்துக்கும் கீழே, 'இப்படிக்கு, நிர்வாகி' என்று மாப்பிள்ளையின் பெயர் இருந்தது.

நெட்டு பட்டியலை மூத்தவரிலிருந்து பார்த்தார். முதல் பெயர் பெரிய டாக்டர். கடிதம் போயிருந்தது. நினைவூட்டலும் போயிருந்தது.

மேலே இருந்து அழைப்பு வர வெகு நேரம் ஆகவில்லை.

மாடிப்படி ஏறும்போதே ராஜினாமா வாசகத்தை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். நடு நடுவே டைல்ஸ் அளவுகள் வந்து குறுக்கிட்டன. அறை வாசலில் மாப்பிள்ளை எதிர்ப்பட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. நெட்டுவைப் பார்த்து ஒரு கணம் நின்றார். விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

உள்ளே பெரிய டாக்டர் போனை மேஜையில் போட்டிருந்தார். "செங்கல் செங்கலா நான் கட்டின ஆஸ்பத்திரி. என்னைக் கழிச்சுக்கட்டணுமாம்! மறந்துடுவேன்னு நினைவூட்டல் வேற!"

"ஐயா, அது வந்து... அவர் மேல தப்பில்லை. அனுப்பினது நான்தான்."

"நீ சும்மா இரு. சம்பளம் வாங்கற ஆள், அவர் அனுப்பச் சொன்னா அனுப்பித்தானே ஆகணும்."

"இல்லைங்கய்யா, நிஜமாவே அவருக்கு எதுவும் தெரியாது."

"அவருக்காகப் பழியை உன் தலையில போட்டுக்கறே. உன் விசுவாசம் எனக்குப் புரியுது." பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தூரத்துல நம்ம கிளை ஒண்ணு இருக்கு. பத்துப் படுக்கை. அங்க போய் இருங்கன்னு அனுப்பிட்டேன், இன்னைக்கே. ஆனா ஒண்ணு, அந்தப் பிரிண்டரே புகார் எழுதற யோசனை நல்ல யோசனை. அதை நீ முடிச்சிடு. அந்தக் கையேடெல்லாம் உனக்கு அத்துப்படின்னு அவரே சொன்னாரே."

"ஐயா..."

"வெள்ளிக்கிழமை நான் வந்து பார்ப்பேன்."

ராஜினாமா வாசகத்தைச் சொல்லாமலே வெளியே வந்தார். நெட்டு படிகளில் தடதடவென்று இறங்கினார். மாப்பிள்ளையைப் பிடித்துக் காலில் விழுந்தாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். போர்ட்டிகோவில் கார் இல்லை. மாப்பிள்ளையின் போனுக்கு அடித்தார், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அடித்துக்கொண்டு அங்கேயே தூணோரம் நின்றார். மேட்ரன் கடந்து போகும்போது, "என்ன நெட்டு, உனக்கும் காலாவதியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் கார் திரும்பி வந்தது. டிரைவர் மட்டும் இறங்கினார். அவர் கையில் மாப்பிள்ளையின் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"நீங்கதானா சார் இவ்வளவு நேரம்? ஆஸ்பத்திரி போனாம், பெரியவர்கிட்ட சேர்த்துடுன்னு குடுத்துட்டார். பிளேன் ஏத்திவிட்டுட்டேன். புது நம்பர் வாங்கினாலும் யாருக்கும் தரப்போறதில்லையாம்."

"ரொம்ப மனசு விட்டுட்டாரா?"

"முதல்ல அப்படித்தான் இருந்தார். பாதி வழியில கொஞ்சம் தெளிஞ்சுட்டார்."

"என்னைப் பத்தி ஏதாவது..." நெட்டு தன் போனை அணைத்தார். "திட்டினாரா?"

"சேச்சே, உங்களைத் திட்டலை சார். அங்க வேலை கம்மியாம், அதனால அவரே எழுதி உலகத்துக்கு விட்ட அந்த சாஃப்ட்வேருக்கு இனிமேயாவது டாக்குமென்டேஷன்னு ஒண்ணை எழுத ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டு வந்தார்."