தோளில் எழும்பிய அக்கியும் கூறை எடுக்கப் போன பயணமும்

மறைக்கத் தெரியாதவன் எதையும் மறைக்கக் கூடாது. இது எனக்கு விளங்கியபோது என் கலியாணத்துக்கு ஐந்தே நாள் இருந்தது.

அன்று காலை இடது தோளில், முதுகிலிருந்து நெஞ்சுவரை பட்டியாகக் கொப்புளங்கள், நெருப்பாய் எரிந்தது. ஐயோ, அம்மாள் வந்துவிட்டாள்! வீட்டில் சொன்னால் கேற்றில் வேப்பிலை கட்டிவிடுவார்கள். மூன்று தண்ணீர் வார்க்கும்வரை கலியாணப் பேச்சே இருக்காது. (எனக்கோ பெண்ணாக வரவிருந்த வசந்தியைத் தவிர வேறு நினைவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.) மஞ்சள் பூசி, வேட்டித் துண்டால் இறுக்கிக் கட்டி, மேலே சேட்டைப் போட்டுக்கொண்டு, மாமனாராக வரவிருந்தவரோடு கூறைச்சேலை எடுக்கக் கப்பல்துறையில் பஸ் ஏறினேன். என்ன மூளை!

வழியில் சோதனைச்சாவடி. சண்டைக் காலம், இளந்தாரிகளின் தோளில் துவக்குப் பட்டி உரசிய தழும்பு இருக்கிறதா என்று சேட்டைக் கழற்றிப் பார்ப்பார்கள். அதை மறந்தே போனேன். ஆமிக்காரன் என் கட்டை அவிழ்த்தான். பட்டி கிடக்கும் அதே இடத்தில் சிவந்த கோடு. அவனுடைய துவக்கு என் பக்கம் திரும்பியது.

நான் வேலை செய்த துறைமுகக் கந்தோரில் பொறுக்கிய சிங்களம் எல்லாம் ஓடிப்போய், இரண்டே சொற்கள் மிஞ்சின. "தெய்யங்கே லெட!" என்று அலறினேன். அம்மாள் வருத்தத்தை அவர்கள் 'தெய்வத்தின் நோய்' என்றுதான் சொல்வார்கள். அவன் பின்னால் பாய்ந்து, போ போ என்று கையை வீசினான்.

உயிர் தப்பியது. ஆனால் மாமாவுக்கும் சிங்களம் விளங்கும்.

"இதை மறைச்சுக்கொண்டோ என்ர பிள்ளைக்குக் கூறை எடுக்க வந்தனீர்?"

குடையால் தள்ளித் தள்ளியே டொக்டரிடம் கொண்டுபோனார்.

"இது அம்மாள் இல்லை, அக்கி," என்றார் டொக்டர். "சின்ன வயசில கொப்புளிப்பான், அந்தச் சின்ன அம்மாள் வருத்தம், வந்ததெல்லே?"

"ஓம், ஏழு வயசில."

"அந்தக் கிருமி போகேல்லை. நரம்புக்குள்ள படுத்திருந்தது. உடம்பு களைச்சு, மனசும் யோசிச்சா சில பேருக்கு எழும்பும்."

ஓரிரவு தங்கும் விருந்தாளியையே பொலிசில் பதிய வேண்டிய காலம் அது. இவரோ இருபது வருடமாகப் பதியாமல் எனக்குள் குடியிருந்திருக்கிறார்! சிரித்துவிட்டேன். மாமா சிரிக்கவில்லை.

"மகளுக்குத் தொத்துமோ?"

"கொப்புளிப்பான் வராத ஆக்களுக்குத் தொத்தலாம். பிள்ளைக்கு முந்தி வந்ததோ?"

மாமாவுக்கு ஞாபகமில்லை. மகளின் சாதகம் முழுவதும் மனப்பாடம். இது மட்டும் தெரியாது! கூறை எடுக்காமலே திரும்பினோம். நான் அவர்கள் வீட்டு முற்றத்தில், தூரத்தில் நின்றேன்.

மாமா உள்ளே போய்க் கேட்டதும், குசினி அடுப்படியிலிருந்து வசந்தியின் குரல் வந்தது.

"எனக்கு ரெண்டாம் வகுப்பில வந்தது அப்பா. எனக்குள்ளயும் ஒண்டு படுத்திருக்கும். அது எழும்பினா அவர் என்னை விட்டிட்டு ஓடுவாரோ எண்டு கேளுங்கோ."

அப்பாடா! சொன்ன நாளிலேயே தாலி கட்டினேன், தோளில் மருந்தோடு.

போன வருடம் அவளுடையது இடுப்பில் எழும்பியது. பதறியடித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு மருந்து வாங்க ஓடினேன். பின்னால் பிள்ளைகளிடம் அவள் சொல்வது கேட்டது: "பாத்தியளோ, கொப்பர் ஓடுறார்!"