ஃபார்மேட் அண்ணனும் அறுபத்து நான்கு கம்ப்யூட்டர்களும்

உலகத்தில் 'நெக்ஸ்ட்' என்ற பொத்தானை மிக அதிக முறை அழுத்திய மனிதர் யார் என்று எவராவது ஆராய்ச்சி செய்தால், அந்த ஆராய்ச்சி கடைசியில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில்தான் வந்து இறங்கும். அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்தால் ஃபார்மேட் அண்ணன் வீடு.

பத்திரிகை வேலையை விட்டுவிட்டு நான் நான்கு வருடம் ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனியில் கடிதம் எழுதினேன். அறிக்கை, சுற்றறிக்கை, மாதம் ஒரு செய்தி மடல். தலைமை அலுவலகம் கள்ளக்குறிச்சியில். கிளைகள் கச்சிராயபாளையம், மணலூர்பேட்டை, எலவனாசூர்கோட்டையில். எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கம்ப்யூட்டர்களைக் கவனிக்க ஒரே ஆள், ஃபார்மேட் அண்ணன். சம்பளச் சீட்டில் அவருக்கு வேறு ஏதோ பெயர் இருந்தது. அதை அவரும் மறந்திருந்தார்.

எந்த வியாதிக்கும் அவரிடம் ஒரே மருந்து, ஃபார்மேட். கம்ப்யூட்டரை முழுக்கத் துடைத்துவிட்டு, ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை முதலிலிருந்து போடுவது. ஒருமுறை பிரிண்டரில் மை தீர்ந்துபோனது. அவர் வந்து பார்த்தார்.

"மை இல்லன்னு சொல்லுது. அது எதுக்கு அப்டி சொல்லுதுன்னு பாக்கணும்."

"மை இல்லாததாலதான் சொல்லுதுண்ணா."

"அத நாம முடிவு பண்ணக் கூடாது தம்பி."

அரை நாள் ஃபார்மேட் நடந்தது. முடிந்ததும் அதே அறிவிப்பு வந்தது. "இப்ப எவ்ளோ தெளிவா சொல்லுது பாத்தியா?" என்று திருப்தியுடன் எழுந்து போனார்.

கச்சிராயபாளையம் டவுன் பஸ் ஒருநாள் வழியில் நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அதற்குள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அண்ணன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எல்லாரையும் எறக்கிட்டு மொதல்லேர்ந்து ஏத்துங்க" என்றார். இறங்கினார்கள், ஏறினார்கள், பஸ் கிளம்பியது. டிரைவர் அதைத் தற்செயல் என்றார். அண்ணன் அதை வழிமுறை என்றார். நான் இருவரையும் நேர்கண்டு விசாரித்துவிட்டேன். இருவரும் இன்றுவரை மாறவில்லை.

அவருக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு கம்ப்யூட்டருக்கு ஆப்பரேட்டிங் சிஸ்டம் போடும்போது, அதில் வேலை செய்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் டீ குடிக்கப் போனால் வேலையை நிறுத்திவிடுவார்.

"கொழந்தைக்குக் காது குத்தறப்ப தாய்மாமன் மடில வச்சிக்கினு உக்கார்றானா இல்லியா? டீ குடிக்கப் போறேன்னு எவனாவது எந்திரிச்சிப் போறானா?"

என் முறை வந்தபோது நானும் உட்கார்ந்தேன். திரையில் ஒரு கேள்வி வரும். அவர் என்னிடம் நான்கு கேள்வி கேட்பார்.

"எழுத்து இந்த சைசு போதுமா?"

"போதும்ணா."

"இப்ப போதும். சாய்ங்காலம் நாலு மணிக்கி?"

யோசித்தேன். நான்கு மணிக்கு மேல் நான் முகத்தைத் திரையருகே கொண்டுபோவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் ஒரு நீள நோட்டில் எழுதிக்கொண்டார்: 'கண் நாலு மணிக்கு மேல் கம்மி.' அந்த நோட்டில் கம்பெனியின் ஒவ்வொரு ஊழியருக்கும் ஒரு பக்கம் இருந்தது. மணலூர்பேட்டை முருகேசனுக்கு இடது கை, ஆகவே மௌஸ் பொத்தான்கள் மாற்றி வைக்க வேண்டும். எலவனாசூர்கோட்டையில் ஒருவர் பழைய டைப்ரைட்டர் முறையில் மட்டும் தமிழ் அடிப்பார். கணக்குப் பிரிவின் தலைவி கல்யாணியக்காவுக்குக் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது; வெள்ளைத் திரை கூசும். டாக்டரைத் தவிர இதைக் கேட்டு எழுதி வைத்திருந்த ஒரே மனிதர் இவர்தான்.

இப்படி இருக்கையில், எங்கள் பழைய ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்கு ஆயுள் முடிந்தது, எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதியது போட வேண்டும் என்று தகவல் வந்தது. மேனேஜர் அண்ணனைக் கூப்பிட்டு எத்தனை நாளாகும் என்றார்.

"ஒரு நாளைக்கி ஒண்ணு சார். அதுவும் ஆளுங்க லீவு போடாம இருந்தா."

மேனேஜர் காலண்டரில் அறுபத்து நான்கு நாட்களை எண்ணிப் பார்த்தார். பின்பு சென்னைக்குப் போன் செய்தார்.

சென்னையிலிருந்து வந்த எஞ்சினியருக்கு முப்பது வயது இருக்கலாம். இரண்டு லேப்டாப், சுருக்கமில்லாத சட்டை. ஒவ்வொரு கிளையிலும் தலைமை அலுவலகத்தோடு இணைக்கும் ஒரு சிறு பெட்டியை வைத்துவிட்டு வந்து, எங்கள் கூட்ட அறையில், அதாவது டீ ஃபிளாஸ்க் வைக்கும் அறையில், விளக்கினார். ஒரு கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் சரியாகப் போட்டு அதை அப்படியே நகல் எடுத்துக்கொள்வார். அந்த நகல் ஒயர் வழியாக அறுபத்து நான்குக்கும் ஒரே நேரத்தில் போய் உட்காரும். அணைந்திருக்கும் கம்ப்யூட்டரைக்கூட இங்கிருந்தே எழுப்பலாம். யாரும் எதையும் தொட வேண்டாம்.

"நடுவுல கேள்வி கேக்குமே?" என்றார் அண்ணன்.

"கேக்காதுங்க. எல்லாக் கேள்விக்கும் பதில முன்னாடியே ஒரு ஃபைல்ல எழுதி வச்சிருவோம்."

"அறுவத்தி நாலு பேருக்கும்?"

"எல்லாருக்கும் ஒரே பதில்தாங்க."

"கேள்வியே கேக்காம பதில் எழுதறது, எங்க ஊர்ல அத இன்னான்னு சொல்லுவாங்க தெரியுமா தம்பி?"

அதை அவர் சொல்வதற்குள் மேனேஜர் எழுந்துவிட்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இது வெற்றி பெற்றால் அண்ணனுக்கு எங்கள் வெள்ளிமலை தீவன டிப்போவில் இடம் தருவதாக அறிவித்தார். "கல்வராயன் மலைங்க. காத்து நல்லா இருக்கும்." எங்கள் நிர்வாகம் யாரையும் தண்டித்தது கிடையாது. தட்பவெப்பத்தை மட்டும் மாற்றிக் கொடுக்கும்.

அண்ணனின் மகள் கள்ளக்குறிச்சியில் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். குடும்பத்தைக் கிளப்ப முடியாது. தினமும் மலை பஸ்ஸில் ஏறி இறங்க வேண்டும். அதைவிட, அங்கே அவருக்கு வேலை தீவன மூட்டைகளோடு. மூட்டையை ஃபார்மேட் செய்ய முடியாது.

எஞ்சினியர் ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தார். அலுவலகத்தில் யாரும் இருக்கக் கூடாது, கம்ப்யூட்டர்கள் எல்லாம் சும்மா இருக்க வேண்டும். விடுமுறைப் பட்டியலைப் பார்த்து ஆயுத பூஜை என்று முடிவு செய்தார். பிளக்கையும் ஒயரையும் கழற்ற வேண்டாம் என்று எல்லோருக்கும் மெயில் போட்டார். எல்லோரும் படித்தார்கள். படித்துவிட்டுப் பூஜைக்கு வேண்டியதைப் பார்க்கப் போனார்கள்.

ஆயுத பூஜையன்று காலை பத்து மணி. மேனேஜர், எஞ்சினியர், அண்ணன், செய்தி மடலுக்குக் குறிப்பெடுக்க நான். எஞ்சினியர் பொத்தானை அழுத்தினார். திரையில் அறுபத்து நான்கு பெயர்கள் வந்தன. அறுபத்து மூன்று சிவப்பு, ஒன்று பச்சை. அந்தப் பச்சை எது என்று பார்த்தோம். சோதனைக்காக எங்களுடையதிலிருந்து எடுத்து அவர் மேசையடியில் வைத்திருந்த கம்ப்யூட்டர்.

மேனேஜர் கச்சிராயபாளையம் கிளைப் பொறுப்பாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ஏங்க, உங்க மெஷினு ஒண்ணும் தெரியலயே?"

"பூஜ போட்டாச்சு சார். எல்லாத்தியும் தொடச்சி, சந்தனம் குங்குமம் வச்சி, பிளக்கக் கயட்டிட்டோம்."

"கழட்டக் கூடாதுன்னு மெயில் வந்துச்சே!"

"மெயிலு நேத்து வந்துச்சி சார். பூஜ இன்னிக்கி."

"சரி, ஒயர மட்டும் சொருவி விடுங்க."

"சொருவுனா தொட்டதாயிடும் சார். நாளைக்கிக் காலைலதான் தொடணும். அருவாளக்கூட வூட்ல எடுக்கல, எங்க வூட்டுக்காரம்மா கத்தியத் தொடாம எப்டி சாம்பார் வக்கிறதுன்னு நின்னுக்கினு இருக்குது."

மணலூர்பேட்டையிலும் இதே பதில். எலவனாசூர்கோட்டையில் கம்ப்யூட்டர்களுக்கு மாலை வேறு. எங்கள் அலுவலகத்திலேயே கல்யாணியக்கா முந்தைய நாள் மாலை ஒவ்வொரு பொத்தானிலும் சந்தனம் அப்பி, எல்லாப் பிளக்கையும் பிடுங்கி, கணக்குப் பிரிவைப் பூட்டிச் சாவியையும் கொண்டுபோயிருந்தார். போனில் கேட்டதற்கு, "மாட்டுக்கு ஒருநாள் ரெஸ்ட் குடுக்கறோம், மெஷினுக்குக் குடுக்க மாட்டீங்களா சார்?" என்று கேட்டார். தீவனக் கம்பெனி மேனேஜர் போனை வைத்தார்.

மேனேஜர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏங்க, இப்டி ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"யாரும் கேக்கல சார். கேள்வியே வேணாம்னுட்டாங்க."

வெள்ளிமலை அந்த நிமிடம் வெகுதூரம் தள்ளிப்போனது. எஞ்சினியருக்கு மறுநாள் இரவு சென்னை திரும்ப வேண்டும். அண்ணன் வாயைத் திறக்காமல் வீட்டுக்குப் போய்ப் பொரி கடலை தின்றுகொண்டிருந்தாலே போதும், திட்டம் தானாகச் செத்துவிடும். செய்தி மடலுக்கு நான் இரங்கல் செய்தி தயாரித்தேன். தலைப்புகூட வைத்துவிட்டேன்.

அண்ணன் எஞ்சினியரின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையிலிருந்து நீள நோட்டை எடுத்து அவர் முன்னால் போட்டார்.

"தம்பி, நாளைக்கி விஜயதசமி. காலைல அவங்கவங்க வந்து, அவங்கவங்க சாமான எடுப்பாங்க. அப்ப வுடு உன் நகல. ஆனா ஒரே பதிலு ஆவாது. இதுல அறுவத்தி நாலு பேருது இருக்குது. ஒவ்வொருத்தருக்கும் தனியா எழுத முடியுமா உன் ஃபைல்ல?"

"முடியும்ங்க. ஆனா எப்டி எப்டி வேணும்னு யாருங்க இவ்ளோ விவரம்…"

"நான் படிக்கிறேன். நீ அடி."

பதினொரு மணியிலிருந்து மாலை வரை ஒருவர் படித்தார், ஒருவர் அடித்தார். சுருக்கமில்லாத சட்டை கசங்கியது. நடுவில் ஒருமுறை எஞ்சினியர், "இந்தக்கா வெள்ளைத் திரையப் பார்த்தா கூசும்னு போட்டிருக்கு, ஏங்க?" என்றார். "அது அவங்க கண்ணு தம்பி. நீ கருப்பு போடு" என்றார் அண்ணன். இடையில் எனக்குத் தாங்கவில்லை. தனியே கூப்பிட்டு, உங்கள் தலையில் நீங்களே மண்ணை அள்ளிப் போடுகிறீர்களே என்றேன்.

"இன்னா பண்றது? இன்னொரு நாளு வந்து ஒரே பதில வுட்டாங்கன்னா, முருகேசன் சோத்துக் கைல மௌஸப் புடிச்சிக்கினு முழிப்பான். எனுக்கும் மேனேஜருக்கும் சண்டன்னா முருகேசன் இன்னா பண்ணுவான்?"

மறுநாள் காலை எல்லாக் கிளையிலும் ஆட்கள் வந்தார்கள். சந்தனத்தைத் துடைத்தார்கள். அண்ணன் போனில் ஒவ்வொரு கிளையாகக் கூப்பிட்டு, "எல்லாரும் அவங்கவங்க மெஷினு எதுருல உக்காந்துக்கினீங்களா?" என்று கேட்டுக்கொண்டார். அதற்கு அவசியமே இல்லை. ஆனால் உட்கார்ந்தார்கள். ஒன்பது மணிக்குப் பொத்தான் அழுத்தப்பட்டது. பதினொரு மணிக்குள் அறுபத்து நான்கும் பச்சை. கல்யாணியக்காவின் திரை கருப்பாக எழுந்தது. முருகேசன் போன் செய்து, "சார், எனுக்கு எடது கைன்னு நான் உங்களுக்குச் சொல்லவே இல்லியே, எப்டித் தெரிஞ்சிது?" என்று எஞ்சினியரைப் பாராட்டினார். எஞ்சினியர் உண்மையைச் சொல்லத் தொடங்கினார். அதற்குள் மேனேஜர் போனை வாங்கிக்கொண்டு, இதுதான் தொழில்நுட்பம் என்றார்.

அந்த இரண்டு மணி நேரமும் அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். 'நெக்ஸ்ட்' வரவேயில்லை. அவருடைய வலது ஆள்காட்டி விரல் மட்டும் அவ்வப்போது அசைந்தது. நான் பின்னால் நின்றதால் பார்த்தேன்.

மாற்றல் உத்தரவு மறுவாரமே வந்தது. எங்கள் நிர்வாகம் சொன்ன சொல் மாறாது, குறிப்பாக அந்த வகைச் சொல். அண்ணன் தாளைப் படித்துவிட்டு மேனேஜரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"வெள்ளிமலைல மெஷினு இருக்குதா சார்?"

"ஒண்ணு இருக்கு. அங்க லைன் சரியில்ல, அதனால லிஸ்ட்ல சேக்கல."

"அப்ப கையாலதான் போடணும்."

"ஆமா."

"சரிங்க சார்," என்றவர் முகத்தில் பதவி உயர்வு வாங்கியவரின் களை. மேனேஜர் குழம்பிப்போய் உத்தரவை வாங்கி இன்னொருமுறை படித்துப் பார்த்தார்.

அதற்குப் பின் எங்கள் அலுவலகத்தில் ஒரு விசித்திரமான தொற்று பரவியது. புதிய ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்ட, சென்னையே சான்று கொடுத்த கம்ப்யூட்டர்கள் வாரத்துக்கு ஒன்றாகப் பழுதாயின. என்ன பழுது என்று எவராலும் சொல்ல முடியவில்லை. மலைக்குக் கொண்டுபோனால் சரியாகிவிடும் என்று மட்டும் எல்லோராலும் சொல்ல முடிந்தது. கல்யாணியக்கா தம் கம்ப்யூட்டரைப் பழைய புடவையில் சுற்றி மலை பஸ்ஸில் கொண்டுபோய் வந்தார். மணலூர்பேட்டையிலிருந்து முருகேசன் இரண்டு பஸ் மாறினார்.

நானும் ஒருநாள் என்னுடையதை மடியில் வைத்துக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் அதைக் கட்டிப்பிடித்தபடி வெள்ளிமலைக்குப் போனேன். தீவன மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மேசையைத் துடைத்து, அண்ணன் அதை இணைத்து, பத்து நிமிடம் பார்த்தார்.

"தம்பி, இதுல ஒண்ணும் இல்லியே."

"நல்லாப் பாருங்கண்ணா. ஃபார்மேட் பண்ணாத்தான் சரியாவும்னு தோணுது."

 அவர் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். அந்த மாதச் செய்தி மடலுக்கு எழுதிய கட்டுரைகள் நான்கும் அதற்குள்தான் இருந்தன. நகல் எடுத்து வைத்திருக்கவில்லை. போனால் போகட்டும் என்று உட்கார்ந்தேன்.