ரெண்டு பாவாடையும் ஒரு பி.டி.எஃப்.பும்

மணலூர்பேட்டை
14.2.2004

மரியாதைக்குரிய மாப்பிள்ளை பூமாலை அவர்களுக்கு, மாமனார் தெய்வசிகாமணி எழுதிக்கொண்டது. இங்கு நானும் தங்கள் அத்தையும் கறவை மாடும் சௌக்கியம். தாங்களும் கண்ணகியும் சென்னைத் தண்ணீருக்குப் பழகிச் சௌக்கியமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நிற்க. எங்கள் சர்க்கரை ஆலையின் டிவிஷன் ஆபீசுக்குச் சென்னைப் பெரிய கம்ப்யூட்டரில் அச்சாகி வாராவாரம் பஸ்ஸில் வந்த கரும்பு வெட்டு ரிப்போர்ட்டை நிறுத்தி, பி.டி.எஃப். என்ற ஃபைலாக மாற்றியது தங்கள் கம்பெனிதான் என்று கண்ணகி போனில் சொன்னாள். பெருமைப்பட்டேன். திங்கட்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்வரை பெருமைப்பட்டுக்கொண்டே இருந்தேன்.

யார் கரும்பை எப்போது வெட்டுவது என்பது அந்த ரிப்போர்ட்டில்தான் இருக்கும். முறை தவறினால் கரும்பு காய்ந்து எடை கம்மியாகிவிடும். அகலத் தாள், பச்சைக் கோடு, ஓரமெல்லாம் ஓட்டை. வராந்தாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டால், துணிக்கடையில் புடவை பார்ப்பது போல விவசாயிகள் தடவித் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இப்போது தாளும் இல்லை, பிரிண்டரும் கிடையாது என்று மேலிடத்து உத்தரவு. வெளியே கூட்டம் சத்தம் போடவே, கம்ப்யூட்டரை ஜன்னல் பக்கம் திருப்பி வெச்சேன். "சார், கொஞ்சம் கீழ தள்ளுங்க"ன்னாங்க. தள்ளினேன். "ஐயோ, எம்பேரு ஓடுது, புடிங்க"ன்னாங்க. புடிக்கப் போயி எதையோ அமுக்கிட்டேன் மாப்பிள்ளை, திரை முழுக்க ஒரே ஒரு எழுத்து! "இது யாருங்க, பெரிய ஆளா?"ன்னு ஒருத்தர் துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கினு கேக்கறாரு.

அதுகூடப் போவட்டும். அகலத் தாளைச் சின்னப் பக்கத்துல அடக்கினீங்களே, வலது ஓரம் வெட்டுப்பட்டு, அப்பா பேரும் ஊரும் காணாமப் போச்சி. முதல் பேரு பாவாடை. எங்க பக்கம் கல்லெறிஞ்சா ஒரு பாவாடை மேலதான் விழும். வெட்டு மேஸ்திரி இருசப்பன் வெள்ளிமலையிலேர்ந்து ஆளுங்களை ஜீப்புல இறக்கிட்டு நிக்கறாரு. "எந்தப் பாவாடைங்க சார்? ஆத்தோரத்துப் பாவாடையா, ஏரிக்கரைப் பாவாடையா?" நான் திரையைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துச்சி. "ஏரிக்கரை"ன்னுட்டேன்.

மறுநாள் காலையில ஆத்தோரத்துப் பாவாடை சம்சாரம் கொளஞ்சியம்மாள் வந்து கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில காலை நீட்டி உக்காந்துக்கிச்சி. "நம்ம முறைதான்னு ஆளுங்களுக்கு ஒரு அண்டா சோறாக்கி வெச்சிட்டு நேத்தெல்லாம் காத்துக்கினு இருந்தேன். என் வூட்டுக்காரர் பேரு இதுக்குள்ளதானே இருக்குது? வெளிய எடு சார்." சென்னை ஆபீசுக்கு போன் போட்டேன். "அது ஆத்தோரந்தான் சார்"ன்னாங்க. அதைக் கேட்டதும் அந்தம்மா மௌஸை வாலோட புடுங்கி மடியில கட்டிக்கிச்சி. "என் கரும்புக் கொல்லைக்கு ஆளு வந்தாத்தான் இது திரும்ப வரும்!"

அந்த நேரம் பார்த்து, சொந்தக்காரங்க ஊருக்குப் போயிருந்த ஏரிக்கரைப் பாவாடை ஓடியாராரு. "சார், என் கரும்பைத் திருடிக்கினு போயிட்டானுங்க! கொல்லை மொட்டையா கீது! போலீசுக்குப் போறேன்!" அடுத்த பேரைக் கேக்க வந்திருந்த இருசப்பன்தான் சொன்னாரு: "திருடலைங்க, நாங்கதான் வெட்டி லாரி ஏத்தினோம். ஆலைக்குப் போயிடுச்சி." பாவாடை அப்படியே நின்னாரு. "என் முறை மாசிக் கடைசின்னு இல்ல இருந்தேன்? இப்பவே போயிடுச்சா?" மூஞ்சி மலர்ந்துச்சி. கீழ உக்காந்திருந்த அம்மாவைப் பார்த்ததும் வாடிப்போச்சி. "உன் முறைய நான் துன்னுட்டனா தங்கச்சி? எழுந்திரு. எங்க வூட்டு ஆளுங்களும் வராங்க, சேர்ந்து வெட்டிப்புடலாம்."

மேஸ்திரி ஆளுங்க, பாவாடை குடும்பம், எல்லாரும் ஆத்தோரம் இறங்கினோம். நானும் அருவா எடுத்தேன். ஒரு வரிசை முடியறதுக்குள்ள இடுப்பு புடிச்சிக்கிச்சி, வரப்புல படுக்க வெச்சி மோர் குடுத்தாங்க. பொழுது சாயறதுக்குள்ள கொல்லை சுத்தம். கொளஞ்சியம்மாள் சிரிச்சிக்கினே மௌஸைத் திருப்பிக் குடுத்துச்சி. "ரொம்ப அழுக்கா இருந்துச்சி சார், சோப்பு போட்டு ஊற வெச்சித் தேய்ச்சிட்டேன்." பளபளன்னு இருக்குது. அசையத்தான் மாட்டேங்குது.

ஆகவே மாப்பிள்ளை, தயவு பண்ணி அந்த பி.டி.எஃப்.பை ஒழிச்சிட்டுப் பழைய தாளையே அனுப்பச் சொல்லுங்க. இல்லாட்டி வேலையை எழுதிக் குடுத்துட்டு, நானும் உங்க அத்தையும் உங்க வூட்டுக்கே வந்து தங்கிடுவோம். மாட்டையும் ஓட்டிக்கினு வருவோம்.

தாங்களும் கண்ணகியும் ஒருவருக்கொருவர் துணையாக, நோய்நொடியும் கரண்ட் கட்டும் இன்றி நெடுங்காலம் வாழ ஆசீர்வதிக்கும்,
தங்கள் மாமனார்,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள கள்ளக்குறிச்சியிலேர்ந்து பெரிய ஆபீசர் போன். புது முறை வந்த வாரமே எங்க டிவிஷன்லேர்ந்துதான் கரும்பு சீக்கிரமாவும் ஜாஸ்தியாவும் வந்துச்சாம். வர்ற வாரம் எல்லா டிவிஷன் ஆளுங்களுக்கும் நான்தான் பி.டி.எஃப். பாடம் எடுக்கணுமாம். அதனால மேல எழுதினதை நீங்க படிக்கவே இல்லை. தாள் கீள்னு கம்பெனியில வாயத் திறந்துடாதீங்க. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் கண்ணகிக்குத் தெரியாம சொல்லிக் குடுங்க: அந்த ஃபைலைத் திறந்தப்புறம் மூடறது எப்படி? நான் இதுவரைக்கும் மெயின் சுவிட்சைத்தான் அணைச்சிக்கினு இருக்கேன்.