பன்னிரண்டு சைபர்

பன்னிரண்டாவது தாளையும் திருத்தி முடித்த பிரீத்தி, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி முதல் தாளிலிருந்து ஆரம்பித்தாள். சுப்பம்மா, சைபர். சுமலதா, சைபர். அய்யாவு, சைபர். பன்னிரண்டு பேர், ஆளுக்கு இருபது கேள்வி, கேள்விக்கு நாலு படத்தில் சரியானதற்கு ஒரு டிக். ஒரே ஒரு மார்க்குக்குக்கூட வழியில்லை.

முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் இதே பன்னிரண்டு பேர்தான் தண்ணீர்க் குழாயைக் காட்டினால் "வாஸர்!" என்றும், பால் பாட்டிலைக் காட்டினால் "மில்ஷ்!" என்றும் ஒரே குரலில் கத்தியவர்கள். வகுப்பு நடந்த பிள்ளை மடுவத்தில், அதாவது எஸ்டேட்டின் குழந்தைகள் காப்பகத்தில், தூங்கிக்கொண்டிருந்த கைக்குழந்தைகள் அத்தனையும் அலறி எழுந்ததை அவளே கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒரே ராத்திரியில் எல்லாருக்குமா மறந்து தொலையும்?

பிரீத்தி குன்னூர் மளிகைக்கடைக்காரர் மகள். எம்.ஏ. ஆங்கிலம் கடைசி வருஷம், கூடவே ஜெர்மனும் படிக்கிறாள். கட்டபெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் அவளுக்கு ஆராய்ச்சி. எஸ்டேட்டில் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கூட லீவு, ஃபாக்டரி, ஃபீல்டு என்று நாளுக்கு நூறு இங்கிலீஷ் சொல் பேசுகிறார். சிலோன் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் சட்டி பானையோடு அந்தச் சொற்களையும் கட்டிக்கொண்டு வந்திருந்தன. இங்கிலீஷும் ஜெர்மனும் பங்காளிகள். வாட்டர் அங்கே வாஸர், ஹவுஸ் அங்கேயும் ஹவுஸ், ஷிப் அங்கே ஷிஃப். அப்படியானால் கொழுந்து பறிப்பவர்களுக்கு, வாயில் இருக்கிற இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டே ஜெர்மன் வந்துவிடாதா?

"வராது," என்றார் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் தரணிதரன். "நம்ம எம்.ஏ. பசங்களுக்கே வரமாட்டேங்குது. பத்து நாள் டைம் தர்றேன். மார்க் காட்டலீன்னா பேசாம நான் குடுத்த தலைப்பை எடுத்துக்கோ. ஆங்கிலக் கவிதையில் பனித்துளி. இன்னொரு ஆறு மாசம் உக்காந்து எழுது."

பனித்துளியை நினைத்தாலே பிரீத்திக்குச் சளி பிடித்தது. வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, "பத்து நாள் எதுக்குங்க சார், எட்டே போதும்," என்று வேறு சொல்லிவிட்டு வந்திருந்தாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது அவள் குடும்பச் சொத்து.

மறுநாள் நேரே கொழுந்து எடை போடும் இடத்துக்குப் போய் சுப்பம்மாவைப் பிடித்தாள். தொழிலாளிகள் குடியிருக்கும் அந்த லயத்தில் எந்தக் காரியமும் சுப்பம்மா தலையசைக்காமல் நடக்காது.

"ஏனுங்க்கா, முந்தாநேத்து வரைக்கும் டாண் டாண்னு சொன்னீங்களே, என்னாச்சுங்க?"

"மண்டையில ஏறல தாயி."

"ஏறுச்சேக்கா! நான் பாத்தேனே!"

"ஏறுனது எறங்கிருச்சு," என்று சொல்லிவிட்டு சுப்பம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பிரீத்தி யோசித்தாள். பரீட்சை பயம், வேறென்ன? கடைசி வகுப்பில் சும்மா உற்சாகப்படுத்தத்தான் "நல்லா எழுதுங்க, எல்லாரையும் ஜெர்மனிக்கே அனுப்பி வெச்சிரலாம்!" என்று ஒரு ஜோக் அடித்தாள். ஒரு ஆள்கூடச் சிரிக்கவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும், பயந்து போயிருக்கிறார்கள். பயத்தைப் போக்கிவிட்டால் மார்க் தானாக வரும்.

ஆகவே இரண்டாவது பரீட்சையை வீட்டு விசேஷம் மாதிரி ஆக்கினாள். குடும்பம் குடும்பமாக உட்கார வைத்தாள். எடுத்த எடுப்பில் கேள்வியை நீட்டாமல், யாருக்கும் தெரிந்த சங்கதிகளாக முதல் பக்கத்தில் போட்டாள். பெயர், பிறந்த ஊர், குடும்பத்தில் எத்தனை பேர். எழுதத் தெரியாதவர்களுக்கு அய்யாவு எழுதிக் கொடுத்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயது, வேலையிலிருந்து நின்று பல வருஷம் ஆகிறது. ஆனால் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை, அதிகம் பேசியதும் இல்லை.

"என்ன கையெழுத்துங்கய்யா இது, முத்து முத்தா!" என்றாள் பிரீத்தி.

"சிலோன்ல இருந்தப்ப லயத்துக்கே நான்தான் எழுதிக் குடுப்பேன் பாப்பா," என்றார் அய்யாவு. பெருமையாகச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

மீதிப் பரீட்சை போன தடவை மாதிரியேதான், எழுத்தே வேண்டாம். பிரீத்தி ஜெர்மன் சொல்லைப் படிப்பாள், தாளில் நாலு படம் இருக்கும், சரியான படத்தில் டிக் போட வேண்டும், அவ்வளவுதான். படித்தாள். போட்டார்கள். திருத்தினாள்.

பன்னிரண்டு சைபர்.

சரி, பயம் இல்லையென்றால் அக்கறை இல்லை. அக்கறை வர ஒரு பரிசு வேண்டும். "பாஸ் பண்றவங்க எல்லாருக்கும் போட்டோ ஒட்டி, சீல் வெச்சு சர்ட்டிபிகேட்!" என்று அறிவித்துவிட்டு, கையோடு போட்டோ எடுக்க செல்போனைத் தூக்கினாள்.

சுமலதாவைப் போல் துறுதுறுவென்று ஒரு பெண் அந்த எஸ்டேட்டில் கிடையாது, செல்ஃபி இல்லாமல் சோறு இறங்காதவள். அவளே தலைத்துண்டை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சுப்பம்மாவுக்கு அந்த நிமிஷம் பார்த்துத் தும்மல் வந்தது. கிடைத்ததெல்லாம் பத்து முதுகும் ஒரு தலைத்துண்டும் ஒரு தும்மலும்தான்.

மூன்றாவது பரீட்சை. சைபர், சைபர், சைபர்.

போதாததற்கு, இருந்த இங்கிலீஷும் போயிற்று. மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்தில் சுமலதாவைப் பார்த்து, "ஏன் சுமா, இன்னிக்கு லீவா?" என்று கேட்டாள் பிரீத்தி.

"லீவுன்னா என்னாங்க டீச்சர்?"

பிரீத்திக்கு நம்ப முடியவில்லை. தாய்ப்பால் மறந்தாலும் லீவு என்ற சொல்லை எஸ்டேட்டில் ஒருவர் மறப்பாரா? கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பிய கதையாக, இவள் சொல்லிக் கொடுக்கக் கொடுக்க இவர்களுக்குத் தெரிந்ததும் அழிந்துகொண்டிருந்தது. வேறு யாராவது என்றால் பனித்துளிக்குக் கும்பிடு போட்டுப் போயிருப்பார்கள். பிரீத்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். எட்டாம் நாளுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

அன்று மாலை எல்லாரையும் கூட்டி வைத்துக் கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "நாளைக்கு எங்க பெரிய சார் வர்றாருங்க. அவரு கையெழுத்துப் போட்டுட்டா எல்லாம் முடிஞ்சிரும். அப்புறம் யாரும் தடுக்க முடியாது. தயவு பண்ணி நல்லாச் செய்யுங்க."

சுப்பம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க பாட்டுக்கு இருக்கோம் தாயி. இந்த வருசம்தான் கூரை மாத்தியிருக்கு. எங்கள விட்டுரு."

கூரைக்கும் ஜெர்மனுக்கும் என்ன சம்பந்தம் என்று பிரீத்திக்கு விளங்கவில்லை.

மறுநாள் தரணிதரன் கோட்டும் டையும் ஒரு கறுப்பு ஃபைலுமாக ஜீப்பில் வந்து இறங்கினார். பன்னிரண்டு பேரும் வெட்டப் போகிற ஆடு மாதிரி அவரைப் பார்த்தார்கள். பரீட்சை நடந்தது. அவர் எதிரிலேயே பிரீத்தி திருத்தினாள்.

பன்னிரண்டு சைபர்.

"நான்தான் சொன்னேனேம்மா," என்று தரணிதரன் எழுந்தார். "பனித்துளி நல்ல தலைப்பு."

பிரீத்தி தாள்களையே வெறித்துப் பார்த்தாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கூடவே ஒரு கணக்கும் வந்தது.

"சார், உக்காருங்க சார்! நாலு படத்துல ஒண்ணு சரி. ஒண்ணுமே தெரியாம கண்ணை மூடிட்டு டிக் போட்டா இருபதுக்கு எத்தனைங்க சார் வரும்?"

"சுமாரா அஞ்சு."

"ஒரு ஆடு வந்து தாள் மேல மிதிச்சுட்டுப் போனாக்கூட ரெண்டு மூணு வருமுங்க. இவங்க பன்னெண்டு பேரும் நாலு தடவ எழுதியிருக்காங்க. தொள்ளாயிரத்து அறுபது டிக்கு. ஒண்ணுகூடச் சரியில்ல! எது சரின்னு தெரியாம இத்தனை தப்பை எப்படிங்க சார் போட முடியும்?"

தரணிதரன் உட்கார்ந்தார். கேள்வித்தாளைக் கையில் எடுத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் சொல்லைத் தன் பாட்டுக்கு வாய்விட்டுப் படித்தார்.

"வாஸர்..."

பின்வரிசையிலிருந்த சின்னம்மை பதறி எழுந்து, ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள்.

"அடிப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் சுப்பம்மா.

இதற்கு மேல் சுமலதாவால் அடக்க முடியவில்லை. "எங்களுக்கு எல்லாம் தெரியும் டீச்சர்! தவறிப்போய்க்கூடச் சரியாப் போட்டுறக் கூடாதுன்னு, சுப்பம்மாக்கா வூட்டுல தெனம் ஒரு மணி நேரம் உக்காந்து இருபதையும் மனப்பாடம் பண்ணினோம்."

தரணிதரன் தண்ணீரைக் குடித்தார். முழுச் சொம்பையும் குடித்தார். "பனித்துளியை விடும்மா," என்றார். "இதையே எழுது. எங்கே கையெழுத்துப் போடணும்?"

பிரீத்தி அந்த நொடியில் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். மனசு கேட்கவில்லை. எட்டு நாள் தொண்டை வற்றக் கத்தியதற்கு இப்படி ஒரு கூட்டுச் சதியா?

"ஏனுங்க, என்ற மேல அப்படி என்னங்க கோவம் உங்களுக்கு?" என்றாள்.

தரணிதரன் பேனாவின் மூடியைக் கழற்றியதும், எல்லாரும் மூலையிலிருந்த அய்யாவுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெல்ல எழுந்து வந்து, பேனா பிடித்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்து நிறுத்தினார்.

"கோவம் ஒண்ணும் இல்ல பாப்பா. சிலோன்லயும் இப்பிடித்தான் பேரு, பொறந்த ஊரு, குடும்பத்துல எத்தன பேருன்னு ஃபாரம் கொண்டாந்தாங்க. லயத்துக்கே நான்தான் ஒரு தப்பில்லாம எழுதிக் குடுத்தேன், மறு வருசமே எல்லாரையும் ஷிஃப்ல ஏத்தி இங்க அனுப்பிட்டாங்க."