சைபருக்குக் கீழே

பிழையைக் கண்டுபிடித்தபோது எல்வுட் நிலவறைச் சுவருக்கு முன்னால் சாக்பீஸும் கையுமாக நின்றிருந்தார். வெளியே வெர்மான்ட் மலைகளைத் தாண்டிப் பனிப்புயல் வந்துகொண்டிருந்தது.

கணக்கு எளிதுதான். வெளியே அடிக்கும் குளிரின் ஃபாரன்ஹீட் அளவை அறுபத்தைந்திலிருந்து கழித்தால், அன்றைக்கு வீட்டுக்கு எவ்வளவு பசி என்று தெரிந்துவிடும். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் குடித்த எண்ணெயை அதை வைத்துச் சொல்லிவிடலாம். ஆனால் தெர்மாமீட்டர் சைபருக்குக் கீழே பதினைந்து காட்டிய நாட்களிலும் மனுஷன் பதினைந்தைக் கூட்டாமல் கழித்தே வைத்திருக்கிறார். ஜனவரி முழுக்க!

திருத்திப் போட்டார். அதன்படி எண்ணெய்த் தொட்டி முந்தாநாளே காலி. தொட்டியின் அளவு காட்டும் முள்ளை நம்பலாமென்றால், அது பல வருடமாகப் பாதியிலேயே சிக்கிக் கிடக்கிறது.

"அங்க என்ன முனகல்?" என்றாள் மனைவி பெர்னீஸ், மேலேயிருந்து.

"ஒண்ணுமில்ல!"

எப்படிச் சொல்வார்? ஊர்க் கடையில் அத்தனை பேர் முன்னால் மார்தட்டியவராயிற்றே. "எண்ணெய்க் கம்பெனிக்காரன் விமான நிலையத்துக் குளிரை வச்சுக் கணக்குப் போடுறான். நான் என்ன ஓடுதளத்துலயா குடியிருக்கேன்?" இனி லாரி தானாக வந்து ஊற்ற வேண்டாம், தீரும்போது நானே கூப்பிடுகிறேன் என்று பெர்னீஸிடமே கம்பெனிக்குச் சொல்லச் சொன்னார். அவளோ, முன்பொருமுறை எண்ணெய் தீர்ந்து தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தபோதே சொல்லிவிட்டாள்: "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா ஃப்ளோரிடாவுல அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

மிச்சச் சொட்டுகளைக் காப்பாற்ற, வீட்டுச் சூட்டைக் குறைத்தார். மதியத்துக்குள் சமையலறைக் குழாயில் தண்ணீர் நின்றது.

"குழாய் உறைஞ்சுபோச்சா?"

"சும்மா ஓய்வெடுக்குது."

"என் மூக்குமா ஓய்வெடுக்குது?"

பாத்திரத் தொட்டிக்கு அடியில் படுத்து, அவளுடைய முடி உலர்த்தியைக் குழாய்க்குக் காட்டினார். போதாதென்று மின்அடுப்பையும் திறந்து முடுக்கினார். டப்! வீடு இருண்டது. கீழே கொதிகலன் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது.

தீர்ந்தது. எண்ணெய், மானம், இல்லறம் எல்லாம்.

கம்பெனிக்குப் போன் போட்டார். புயலுக்காகச் சாலையை மூடுவதற்குச் சற்று முன்னால் லாரி வந்தது. ஓட்டுநர் ரேஷான் எண்ணெய்க் குழாயைத் தொட்டியில் மாட்டினான். எண்ணெய் இறங்கும்வரை தொட்டி விசிலடிக்கும், நிரம்பினால் நிறுத்தும். ஒரே ஒரு 'கீச்'. அவ்வளவுதான்.

"அடைச்சிருக்கா தம்பி?"

"அடைப்பா? தொட்டி முட்ட முட்ட இருக்குண்ணே."

"விளையாடாதே. கொதிகலனே நின்னுபோச்சு!"

உள்ளே பெர்னீஸ் மின்பெட்டியில் விழுந்திருந்த விசையைத் தூக்கிவிட்டாள். கொதிகலன் குபீரென்று உறுமியது.

ரேஷான் குழாயைச் சுருட்டினான்.

"நீங்க கடைக்குக் காபி குடிக்கப் போற நேரமாப் பாத்துத்தான் எப்பவும் வந்து ஊத்திட்டுப் போறேன். விமான நிலையக் கணக்கெல்லாம் இல்லண்ணே, உங்க தெர்மாமீட்டர் காட்டுறதை பெர்னீஸ் அக்கா தினமும் போன்ல சொல்லிடறாங்க. சைபருக்குக் கீழேன்னா, கீழேன்னே சொல்லிடுவாங்க."