பிரசங்கத்தை வாபஸ் வாங்கு, தம்பி

கட்டுக்கலை, கண்டி.
கார்த்திகை, 1974.

மதிப்புக்குரிய போதகர் நவரட்ணராஜா அவர்களுக்கு,

தங்கள் உடன்பிறந்த அக்கா கமலாசனி எழுதிக்கொள்வது. நான் சுகம் என்று தொடங்குவதுதான் முறை, ஆகவே சுகம். யாழ்ப்பாணத்தில் தாங்களும் மச்சாளும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். இடுப்புப் பிடிப்பினால் முழங்காலில் நிற்க ஏலவில்லை, கதிரையில் இருந்தபடிதான் மன்றாடினேன். அதற்காக மன்றாட்டைக் குறைத்து மதிக்கவேண்டாம்.

செப்டெம்பரில் தாங்கள் இங்கே வந்தபோது எங்கள் சபையின் பின்னேர ஆராதனையில் பிரசங்கம் செய்தீர்கள். கிறிஸ்தவ வாழ்க்கையில் தலைமை என்பது மேடையிலும் கமிட்டியிலும் இல்லை, அடுப்படியிலும் நோயாளியின் கட்டிலடியிலும் இருக்கிறது, அதைக் கண்டு மதிக்கப் பழகுங்கள் என்றீர்கள். நல்ல பேச்சு. அதோடு ஆமென் சொல்லி இறங்கியிருக்கலாம். தாங்களோ கையை நீட்டி, "உதாரணம் தேடித் தூரம் போகத் தேவையில்லை, இதோ என் அக்கா! மஹியாவ தொழிலாளர் லயத்தில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் வீரம்மாவைத் தாங்கும் தலைவி!" என்றீர்கள். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. அடுத்த நாள் நீ ஸ்டேசனில் யாழ்ப்பாணக் கோச்சி ஏறினாய். அதோடு என் சந்தோஷமும் ஏறிப் போய்விட்டது.

ஏனென்றால் தம்பி, வீரம்மாவை நான் தனியப் பார்க்கவில்லை. இடுப்பெலும்பு முறிந்து கிடக்கிற மனுசி, பெற்ற ஒரே மகனை, இந்திய வம்சாவளிச் சனங்களைத் திருப்பி அனுப்புகிற ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டுத் தனித்துப்போனது. எங்கள் சபைச் சிவமணி வந்து உடம்பு துடைப்பாள். இரத்தினம்மா இந்த மாத் தட்டுப்பாட்டில் விடியப் போய்ப் பேக்கரிப் பாண் வரிசையில் நின்று ஒரு றாத்தல் வாங்கி வருவாள். வீரம்மாவின் பக்கத்து வீட்டுப் பஸீஹா கஞ்சி காய்ச்சிக் கொண்டு வருவாள். நானும் போவேன். சிவமணிக்கு அடிக்கடி உடம்புக்கு ஏலாமல் போகும், அவளின் முறையையும் நான்தான் பார்க்கவேண்டியிருந்தது, அது வேறு கதை. எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது.

உன் பிரசங்கத்துக்கு அடுத்த கிழமையே சிவமணி என் வீட்டு வாசலில் நின்றாள். கையில் வீரம்மாவைத் துடைக்கிற துவாயும் தண்ணீர்ப் பேசினும். "அக்கா, இவ்வளவு நாளும் தெரியாமல் உங்கட இடத்திலை நான் கை வைச்சிட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று துவாயை ஒப்படைத்துவிட்டுப் போனாள். தாழ்மையாம்! இரத்தினம்மா பாண் வரிசைக்குப் போவதை நிற்பாட்டினாள். ஏனடி என்று கேட்டதற்கு, "தலைவி நீங்கள் ஒரு ஒழுங்கு செய்வியள் எண்டு இருந்தன்" என்றாள். சரியென்று நானே போய் நின்றேன். வரிசையில் நின்ற சபைச் சனங்கள் என்னைக் கண்டு கும்பிடாத குறையாக மரியாதை செய்தார்கள். இடம் மட்டும் ஒருத்தரும் விடவில்லை.

சபைச் செயலாளர் மகேந்திரராசாவைத் தெரியும்தானே, கூட்ட அறிக்கை வாசிக்கிறதைத் தவிர வேறொன்றுக்கும் கை நீட்டாத மனுசன். அவர் வந்து, "இனிக் கோயில் திறப்பு உங்களிட்டைதான் இருக்கவேணும் அக்கா" என்று சாவிக்கொத்தைக் கையில் தந்தார். திறப்போடு பின்பக்கத்துக் குழாய் ஒழுக்கும் வந்தது, பாடகர் குழுவின் சண்டையும் வந்தது, குடித்துவிட்டு வரும் புருசன்மாரும் வந்தார்கள். முன்வரிசையில் எனக்கென்று ஒரு கதிரை போட்டார்கள். பிரம்பு அறுந்த கதிரை, இருந்தால் தொடையைக் கிள்ளும். பொன்னாடையும் போர்த்தினார்கள். அது வீரம்மாவுக்கு விரிக்கவும் உதவாது, ஜரிகை குத்தும்.

ஒருத்தி மட்டும் நிற்பாட்டவில்லை. பஸீஹா. அவள் உன்ரை பிரசங்கத்தைக் கேட்கவில்லை, அதனால் வழமைபோலக் கஞ்சியோடு வந்துகொண்டிருந்தாள். இதை நீ நல்லாய் யோசித்துப் பார்.

இன்று காலை வீரம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கப் பார்த்தேன். முதுகில் புண் வைக்கத் தொடங்கிவிட்டது தம்பி. இரண்டு பேர் பிடிக்கவேண்டிய உடம்பை நான் தனியத் தூக்கப்போய், இடுப்பு பிடித்து, அவளையும் இழுத்துக்கொண்டு விழுந்தேன். தலைவியும் சபையும் சீமெந்துத் தரையிலே கிடந்தோம். பஸீஹா கஞ்சிக் கோப்பையோடு வருமட்டும் கிடந்தோம். வீரம்மா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்: "ஏம்மா, முன்னெல்லாம் மாறி மாறி வருவாங்களே, இப்ப ஏன் யாரும் வர்றதில்ல?" நான் உன்ரை பிரசங்கத்தைச் சொன்னேன். அந்த மனுசி சிரிச்ச சிரிப்பு! எனக்கு அழுகைதான் வந்தது. ஒரு வார்த்தை நல்லது சொல்லி ஒரு கட்டிலைக் காலியாக்கிப்போட்டுப் போயிட்டாய். நீ என்னைத் திட்டியிருந்தால்கூட ரெண்டு பேர் இரங்கி உதவிக்கு வந்திருப்பினம்.

ஆகையால் நான் கேட்பது ஒன்றுதான். மார்கழியில் நத்தார்ப் பண்டிகைக்கு முதல் வா. அதே மேடையில் ஏறி, "என்ரை அக்கா தலைவி இல்லை, நான் பிழையாய்ச் சொல்லிப்போட்டன்" என்று சொல்லு. வராவிட்டால் அக்கா என்று இந்தப் படலை திறக்காதே. வீரம்மாவின்ரை புண் உன்ரை கணக்கில்தான் எழுதப்படும், ஆர் எழுதுவார் எண்டு உனக்கே தெரியும்.

மச்சாளுக்கு என் அன்பு. பிள்ளைகளின் தலையில் என் கையை வைத்ததாக நினைத்துக்கொள். கர்த்தர் உன் நாவைக் காப்பாராக. முடிந்தால் கொஞ்சம் கட்டியும் வைப்பாராக.

கோபம் ஆறாத அக்கா,
கமலாசனி

பி.கு.: முத்திரை வாங்க ஆளில்லாமல் கடிதம் ஒரு கிழமை மேசையில் கிடந்தது. நல்லதாய்ப் போயிற்று. நீ வரவேண்டாம்.

நாங்கள் விழுந்த அன்றே வீரம்மா பஸீஹாவை அனுப்பி, "கமலாசனி அம்மா கால் முறிஞ்சு கெடக்குறாங்க, இனி வரமாட்டாங்க" என்று வீடு வீடாய்ச் சொல்ல வைத்திருக்கிறாள். அடுத்த நாளே சிவமணி வந்து துவாயைக் கேட்டு வாங்கிப் போனாள். இரத்தினம்மா பாணோடு போகிறாள். புண் காயத் தொடங்கிவிட்டதாம். எனக்கும் சூப் வந்தது. காலைக் காட்டச் சொல்லி ஒருத்தரும் கேட்கவில்லை, ஆனாலும் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பொழுது பட்டு ஆளில்லாத நேரம் ஒளித்துப் போய், "ஏன் இப்பிடிப் பொய் சொன்னனி?" என்று வீரம்மாவிடம் கேட்டேன். "என்னைக்கும் சொல்றதுதாம்மா. சிவமணியம்மாவுக்கு முடியலன்னு ஒங்ககிட்ட சொல்லுவேன். ஒங்களுக்கு முடியலன்னு அவங்ககிட்ட சொல்லுவேன். இப்படித்தானே இம்புட்டு நாளும் ஓடுச்சு" என்கிறாள். சிவமணிக்கு ஒரு நாளும் ஏலாமல் போனதில்லையாம், தம்பி. அவள் என்னைப்பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தாளோ!

இதை நீ மேடையில் சொல்லிவிடாதே. சொன்னால் அவளுக்கும் பொன்னாடை போர்த்திக் கொன்றுவிடுவார்கள். வாற ஞாயிறு எனக்குப் பதிலாகப் புதுத் தலைவர் தெரிவு. ஆரைப் போடலாம் என்று வீரம்மாவைக் கேட்டேன். "வேலவெட்டி செய்யாத ஆளாப் பாத்துப் போடுங்கம்மா, நமக்கு நட்டமில்ல" என்றாள். மகேந்திரராசாவின் பேரைத்தான் கொடுத்திருக்கிறேன். சந்தோஷத்தில் அழுதுவிட்டார் மனுசன்.