ஆரணிக் கார்க்காரர்களுக்கு ஒரே மாமனார்

ஆரணியில் கார் வைத்திருக்கும் அத்தனை ஆண்களுக்கும் ஒரே மாமனார். வேலூர் சாலையில் பட்டறை போட்டிருக்கும் மெக்கானிக் அவர். ஊரிலுள்ள கார்களெல்லாம் அவர் பெற்ற பெண்கள்; நாங்கள் அந்தப் பெண்களைக் கட்டிக்கொண்டு போய்க் கொடுமைப்படுத்தும் மாப்பிள்ளைகள். எனக்கு வயது எழுபத்திரண்டு, அவருக்கு அறுபதுகூட ஆகவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை நான்தான்.

காருக்கு "வாங்க", எங்களுக்கு "வா". கதவை ஓங்கிச் சாத்திய வக்கீல் ஒருவரைக் காரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். வக்கீல் கேட்ட பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

பருத்திக் கழிவால் துடைத்தால் பெண்ணுக்கு உறுத்துமாம். அதனால் தறிக்காரர்களிடம் கழிவுப் பட்டு நூல் வாங்கி வந்து, காருக்கொரு பொட்டலமாக எங்களிடம் கொடுத்தார். இன்ஜினில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைப் பட்டால் துடைத்த ஒரே ஊர் இதுவாகத்தான் இருக்கும்.

போன ஆண்டு என் மனைவிக்கு வேலூரில் கண்புரை ஆபரேஷன். பயந்து மூன்று முறை தள்ளிப்போட்டவள், ஒருவழியாகக் காரில் ஏறி உட்கார்ந்தாள். கிளப்பினேன்; ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. அவள் கண்ணைப் பற்றிய கவலையில் நான் ஒரு மாதமாக ஆயிலே பார்த்திருக்கவில்லை. இறங்கி டிப்ஸ்டிக்கை இழுத்தேன். வரவில்லை. ஆறாவது இழுப்பில் பிளாஸ்டிக் பிடி மட்டும் கையோடு வந்தது.

"பாத்தீங்களா, சகுனமே சரியில்ல. இன்னொரு நாள் போலாங்க" என்றாள் மனைவி. குரலில் அப்படியொரு நிம்மதி. அந்த இன்னொரு நாள் வரவே வராது என்று எனக்குத் தெரியும். மாமனாருக்கு போன் செய்தேன்.

வந்து உடைந்த பிடியைப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, பல்லு புடுங்கறியா?"

"ஒம்போது மணிக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கணும்ப்பா."

"நீ தள்ளி நில்லு." இன்ஜின் பக்கம் குனிந்தார். "இன்னாம்மா, இந்த ஆளு மெரட்டிட்டானா? கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

டிப்ஸ்டிக் நுழையும் குழாயின் வாயில் துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். பிறகு, மிச்சமிருந்த கம்பியைக் குறடால் பிடித்து, இழுக்காமல், இடமும் வலமுமாகத் திருகிக்கொண்டே இருந்தார். என் ரத்த அழுத்தம் ஏறியது. கடைசியில் கம்பி மெல்ல மேலே வந்தது. அதன் ரப்பர் வளையத்தைச் சுற்றி, முறுக்கிக்கொண்டு, கறுத்துப்போன பட்டு இழைகள். துடைக்கத் துடைக்க ஒட்டிக்கொண்டு உள்ளே போனவை. ஆரணிப் பட்டு, லேசில் அறுமா?

மாமனார் அந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குறைந்திருந்த ஆயிலை ஊற்றி நிரப்பினார். "நானும் வரேன்" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். வழியில், கண்ணமங்கலத்தில், நான் கியரைக் கரகரவென்று மாற்றியபோதுகூடத் திட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கூப்பிட்டும் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"நேரமாயிடுச்சுங்க. திரும்பிடலாம்."

மாமனார் அவள் எதிரே போய் நின்றார். "நூலு குடுத்தது நான்மா. தப்பு என்னுது. அதுக்காக நீங்க கண்ணு தெரியாம இருந்தா எனக்கு எப்பிடிம்மா சோறு எறங்கும்? போய்ட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் இங்கியே குந்திகினு இருக்கேன்."

அவள் உள்ளே போனாள்.

ஒரு கண்ணில் கட்டோடு அவள் வெளியே வந்தபோது, அவர் வாசலில் கிடந்த பெஞ்சிலேயேதான் இருந்தார். வெளியே உச்சி வெயிலில் கார் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவர் ஒருமுறைகூட எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.